சக்கரத்தின் மேல் ஒரு வீடு

அலுவலிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சக்கரம் பூட்டிய வீடு ஒன்றைப் புதிதாக விலைக்கு வாங்கி, அதைத் தம் மோட்டார் காரின் பின்னே கொளுவிக்கொண்டு, மனைவியுடன் ஊர் ஊராகப் புறப்பட்டுவிடுகிறார். சிலர் அதுவரை குடியிருந்த வீட்டையே விற்றுவிட்டுக் கிளம்புகின்றனர். நமக்கு இது விந்தையாகத் தோன்றும்; அமெரிக்க நாட்டிலோ இது வழக்கமான செய்தி. அந்நாட்டார் டிரெய்லர் என்று அழைக்கும் இவ்வண்டி முதியவர்களின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? போர்களையும் உடன்படிக்கைகளையும் படிக்கும் மாணவர்கள் இதனையும் சற்றுக் கேட்கலாம்.

வீட்டோடு உலாப் போகும் ஆசை அமெரிக்காவில் பிறந்ததன்று. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து விலகி, சிறுவர்களுக்குக் கதை எழுதி வந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்னும் வண்டியைச் செய்வித்தார். பாரம் ஏறத்தாழ 2 டன். இரண்டு குதிரைகள் அதனை இழுத்தன. தென் இங்கிலாந்தின் ட்வைஃபர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரையில் அதில் பயணம் செய்தார். வண்டியோட்டி ஒருவர், எதிரே வருவோரை எச்சரிப்பதற்கு மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே செல்லும் ஏவலாள் ஒருவர். இத்தனை பரிவாரம் வேண்டுமென்றால் அது எளியவர்க்கு ஏற்ற பயணம் ஆகுமா?

மோட்டார் கார் மலிந்த பிறகே நிலைமை மாறியது. 1919-ஆம் ஆண்டில், ஃபுளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் கூடாரமடித்துத் தங்கியிருந்தவர்கள் 'தகர டப்பாப் பயணிகள்' என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு ஒரு சங்கம் அமைத்தனர். காரின் ரேடியேட்டர் மூடியின் மேல் தகர டப்பா ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளம். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் தெற்கே வெயில் காய வந்த இவர்களிடையே வயது முதிர்ந்தோர் பலர் இருந்தனர். உள்ளூர் மக்கள் இவர்களை விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே சட்டையோடும் ஒரே இருபது டாலர் நோட்டோடும் வந்து, இரண்டையும் மாற்றாமலே திரும்பிப் போகிறவர்கள் என்று நையாண்டி செய்தனர். சில ஆண்டுகளில் டாம்பா நகரம் தன் பூங்காவின் கதவை அவர்களுக்கு அடைத்துவிட்டது. ஆனால் 1936-இல் அதே மாநிலத்துப் பிராடென்டன் நகரில், கிவானிஸ் சங்கத்தார் டிரெய்லர்களுக்கென்றே ஒரு பேட்டை அமைத்து வந்தவர்களை வரவேற்றனர். இடையில் பெரும் பொருளாதார மந்தம் வந்திருந்தது. கடைத்தெருவுக்கு இருபது டாலர் நோட்டின் அருமை விளங்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

கூடாரம் வீடாக மாறியதற்கு ஒரு மழை காரணம். டெட்ராய்ட் நகரில் மருந்துத் தொழில் நடத்தி வந்த ஆர்தர் ஷெர்மன், குடும்பத்தோடு பயணம் போவதற்காகக் கூடாரம் மடித்து வைத்த டிரெய்லர் ஒன்றை வாங்கினார். மழை பிடித்துக்கொண்டது; கூடாரத்தை விரிப்பதற்குள் அனைவரும் நனைந்தனர். ஊர் திரும்பியதும், நான்கு புறமும் திடமான சுவர் கொண்ட பெட்டி போன்ற வண்டி ஒன்றைச் செய்வித்தார். நீளம் 9 அடி, அகலம் 6 அடி. அவருடைய குழந்தைகள் அதற்குக் 'கூண்டு வண்டி' என்று பெயர் வைத்தனர். மேற்கு நோக்கிக் குடியேறிய முன்னோர் மாடு பூட்டிச் சென்ற வண்டியின் பெயர் அது. 1930-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் 400 டாலர் விலைக்கு அது வைக்கப்பட்டது. மந்தக் காலத்திலும் வாங்குவோர் திரண்டனர்.

இளமையில் ஆடு மேய்த்து, அடுப்பு வைத்த மரவண்டியில் தங்கிப் பழகிய வாலி பியம் என்பவர் இத்துறையில் அழியாப் பெயர் பெற்றார். 1936-இல் அவருடைய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 'கிளிப்பர்' என்னும் வண்டியை வெளியிட்டது. அலுமினியத் தகடுகளை ரிவிட் அடித்து இணைத்த, விமானத்தின் உடலை ஒத்த வடிவம்; தண்ணீர்த் தொட்டி, மின்விளக்கு, நால்வர் உறங்க இடம். வடிவத்தின் மூலம் ஹாலி போலஸ் என்பவருடையது. லிண்ட்பர்க் 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தனியே கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர் அவரே. விமானத்தின் கலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்க. விலை 1200 டாலர். ஒரு புதிய ஃபோர்டு காரின் விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

இவ்விலையை ஒரு முதியவர் கண்கொண்டு பார்க்க வேண்டும். 65 வயது நிறைந்த தொழிலாளர்க்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935 ஆகஸ்டில் நிறைவேறியது. மாதந்தோறும் வழங்கும் முறை 1940 ஜனவரியில் தொடங்கியது. முதல் காசோலையைப் பெற்றவர் வெர்மான்ட் மாநிலத்து அய்டா மே ஃபுல்லர் என்னும் மூதாட்டி. தொகை 22 டாலர் 54 சென்ட். அக்கணக்கில், கிளிப்பர் வண்டி ஒன்றை வாங்க உணவும் உடையுமின்றி நான்கு ஆண்டு ஐந்து மாதம் சேமித்திருக்க வேண்டும்! ஆகவே, உபகாரச் சம்பளம் வண்டியை வாங்கித் தரவில்லை. வாங்கித் தந்தது ஆயுட்காலச் சேமிப்பும், வீடு நிலம் விற்ற பணமுமே. வாங்கிய பின் மாதந்தோறும் பெட்ரோலுக்கும் ரொட்டிக்கும் வழி செய்ததே அச்சம்பளத்தின் பணி. எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேரும் வருமானம் என்பது முதுமைக்குப் புதிய செய்தி அன்றோ?

போருக்குப் பின் பியம் இம்முதியவர்களைத் திரட்டிக் கூட்டம் கூட்டமாக அழைத்துச் சென்றார். 1951–52-இல் மத்திய அமெரிக்காவிற்குப் புறப்பட்ட 63 வண்டிகளில் பெரும்பாலானவை இலக்கை எட்டவில்லை, சாலைகள் அத்தகையவை. அவர் மனம் தளரவில்லை. 1959-இல் கேப் டவுனில் தொடங்கிய 41 வண்டிகளின் அணி, ஆப்பிரிக்கக் கண்டத்தை நெடுக்காகக் கடந்து அடுத்த ஆண்டு கெய்ரோவை அடைந்தது. பியம் 1962-இல் காலமானார். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 41,000 மைல் நீளத்திற்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் அப்போது உள்நாட்டில் உருவாகிக்கொண்டிருந்தன.

அச்சாலைகள் எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருந்தன என்று எண்ணிவிடலாகாது. கிளிப்பர் வெளிவந்த அதே 1936-இல், அஞ்சல்காரராக இருந்த விக்டர் கிரீன் நியூயார்க்கில் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார். கறுப்பின மக்களுக்கு எந்த விடுதியில் இடம் கிடைக்கும், எந்த உணவகத்தில் சோறு கிடைக்கும் என்ற பட்டியலே அது. பணம் கையில் இருந்தும், கார் வாசலில் நின்றும், இருட்டுவதற்குள் எங்கே போய்ச் சேர்வது என்ற கவலை அவர்களை விடவில்லை. டாம்பாவில் அடைக்கப்பட்ட கதவு வெள்ளை முதியவர்க்குப் பிராடென்டனில் திறந்தது. இவர்கள் காத்திருக்க நேர்ந்தது. 1964-இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இரண்டொரு ஆண்டுகளில் அக்கையேடு நின்றுபோயிற்று.