பசுக் காசநோய்க் கிருமியைப் பிரித்தறிந்த வரலாறு

மாடுகளுக்குக் காசநோயை உண்டாக்கும் முதன்மையான நுண்ணுயிரி மைக்கோபாக்டீரியம் போவிஸ். மனிதரிடம் பெரும்பாலும் காணப்படுவது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். இவ்விரண்டும் மிக நெருங்கிய உறவுடையவை. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் காசநோய்க்குத் தரப்படும் முதல்நிலை மருந்துகளுள் ஒன்றான பைரசினமைடு, போவிஸ் கிருமியிடம் பலிக்காது. ஆகவே வந்திருப்பது எந்தக் கிருமி என்று அறிவது சிகிச்சைக்கே தேவையாகிறது.

முயல் சோதனைக் காலம்

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் கோக், மாட்டிலும் மனிதரிலும் உள்ளது ஒரே கிருமி என்றே முதலில் கருதினார். 1898இல் அமெரிக்கரான தியோபால்ட் ஸ்மித் இரண்டும் வேறு வகைகள் எனக் காட்டினார். மாட்டுக் கிருமி முயல்களைக் கடுமையாகத் தாக்கியது. மனிதக் கிருமி அவ்வளவாகத் தாக்கவில்லை. 1901இல் இலண்டன் மாநாட்டில் கோக், மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்றார். இதை ஆராயப் பிரிட்டனில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. பாலின் வழியாக மாட்டுக் கிருமி மனிதரை, குறிப்பாகக் குழந்தைகளைத் தாக்கும் என்று 1911இல் அது முடிவு கூறியது.

மரபணு முறைகள்

கிருமியை வளர்த்துச் சோதிக்கப் பல வாரங்கள் ஆகும். டிஎன்ஏவைப் படிக்கும் முறைகள் இந்தத் தாமதத்தைக் குறைத்தன. 1997இல் வெளியான ஸ்போலிகோடைப்பிங் முறை, கிருமியின் டிஎன்ஏவில் 43 சிறு துண்டுகள் உள்ளனவா இல்லையா என்று பார்க்கிறது. போவிஸில் கடைசி ஐந்து துண்டுகள், அதாவது 39 முதல் 43 வரை, இருப்பதில்லை.

மனிதக் கிருமியின் முழு மரபணுத்தொகுதி 1998இலும், போவிஸின் தொகுதி 2003இலும் வெளியாயின. இரண்டும் 99.95 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தன. போவிஸில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. இந்த விடுபாடுகளே அடையாளமாயின. ஆர்டி9 பகுதி மனிதக் கிருமியில் உண்டு, போவிஸில் இல்லை. ஆர்டி4 பகுதியும் போவிஸில் இல்லை. போவிஸிலிருந்து உருவாக்கப்பட்ட பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இவற்றோடு ஆர்டி1 பகுதியும் இல்லை. பிசிஆர் சோதனையால் இவற்றைச் சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

மாட்டிலிருந்தே மனிதருக்குக் காசநோய் வந்தது என்ற பழைய கருத்தையும் இவ்விடுபாடுகள் மாற்றின. இழந்த டிஎன்ஏ பகுதி இக்கிருமிகளில் மீண்டும் வருவதில்லை. ஆகவே கூடுதலாக இழந்துள்ள போவிஸ், மனிதக் கிருமிக்கு மூதாதையாக இருக்க முடியாது என்பது 2002இல் விளக்கப்பட்டது.

இந்தியாவில்

சென்னையில் ஒரு மாட்டிலிருந்து எடுத்த கிருமியின் மரபணுத்தொகுதி 2019இல் வெளியானது. அது போவிஸ் அல்ல, அதன் உறவான மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ். வேலூர் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளிடம் பெற்ற மாதிரிகளிலும் ஒரிஜிஸ் இருந்ததாக 2020இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஒரிஜிஸில் ஆர்டி9 இல்லை. ஆனால் ஆர்டி4 உண்டு. ஆகவே போவிஸை மட்டும் தேடும் சோதனை இதைத் தவறவிட்டுவிடும். மாட்டுக் காசநோய் என்றாலே போவிஸ் என்று எண்ணும் வழக்கத்தை இந்தியாவில் மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.