மங்களூர் மார்க்கமும் மழைக்காலமும்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து இளைஞர் சிலர், படுக்கையும் அடுப்பும் அமைந்த கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, ஆடி மாதத்து அடைமழையில் மங்களூர்த் துறைமுகத்தைப் பார்த்துவரப் புறப்பட்டால், இப்பொழுது அதை யாரும் விசேஷமாகக் கருதுவதில்லை. நெலமங்கலம், ஹாசன், சக்லேஷ்பூர் வழியாகச் சுமார் 350 கிலோமீட்டர். மழைக்காகவே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. ஆனால், இருநூறு வருஷங்களுக்கு முன் இப்படியொரு யோசனையைச் சொல்லியிருந்தால், பொதிமாடு ஓட்டுகிறவன் முதல் பந்தர் என வழங்கும் துறைமுகத்தின் வர்த்தகர் வரையில் அனைவரும் சொன்னவருடைய புத்தி ஸ்வாதீனத்தையே சந்தேகித்திருப்பார்கள். ஏனெனில், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், மலையிலிருந்து இறங்குவதும் அரிது, கடலில் இறங்குவதும் அரிது.

மங்களூரின் அருமையைத் திப்பு சுல்தான் நன்றாக உணர்ந்திருந்தார். 1783 மே மாதத்தில் அவர் தொடங்கிய முற்றுகை, மழைக்காலம் முழுவதும் நீண்டு, மறு வருஷம் ஜனவரியில்தான் முடிந்தது. பின்னர் 1792-ல், சக்லேஷ்பூருக்கு அருகே மஞ்சராபாத்தில், எட்டு முனை கொண்ட நட்சத்திர வடிவில் அவர் எழுப்பிய கோட்டை, கடற்கரைக்கு இறங்கும் இந்த மார்க்கத்தைக் காத்து நின்றது. 1834 முதல் 1861 வரையில் மைசூரின் கமிஷனராக இருந்த மார்க் கப்பன், மலைச்சரிவுகளில் சக்கர வண்டிகள் செல்லத்தக்க பாதைகளை அமைத்த பிறகே, மலைநாட்டுக் காப்பிக்கொட்டை மாட்டுவண்டிகளில் மங்களூர்ப் பந்தருக்கு இறங்குவது சாத்தியமாயிற்று.

அந்தப் பந்தரோ மிகப் பழமையானது. 1342-ஆம் வருஷ வாக்கில் வந்த யாத்திரிகர் இப்னு பதூதா, பாரசீகத்தினின்றும் ஏமனினின்றும் வர்த்தகர்கள் வந்திறங்கும் ஸ்தலமாக அதைக் குறித்து வைத்தார். நேத்ராவதியும் குருபுரா நதியும் கூடிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தமையால், நல்ல நாட்களிலேயே கப்பல்கள் நிதானித்துத்தான் உள்ளே வரவேண்டும்; அலை பொங்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையில், பாய்மரக் கலங்களைக் கரையேற்றி, கிடுகு வேய்ந்து மூடிவிட்டு, வானம் வெளுக்கும் நாளை எதிர்நோக்கியிருப்பதே மாலுமிகளின் வழக்கமாக இருந்தது.

இவ்வளவு உபத்திரவமான மழையிலிருந்தும் ஒரு லாபத்தைச் சம்பாதித்ததுதான் இந்தக் கரையின் சாமர்த்தியம். பாய்மரக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பாவை அடையப் பல மாதங்கள் பிடித்த காலத்தில், கப்பலின் அடித்தளத்தில் ஈரக் காற்றை உறிஞ்சிய காப்பிக்கொட்டை, பசுமை நிறம் மாறி, வெளுத்துப் பருத்து, புளிப்பு அடங்கிய ஒரு தனிச் சுவையை அடைந்தது. வாங்குவோரும் அதற்கே பழகிவிட்டார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களால் பிரயாணம் சுருங்கியதும் அந்தச் சுவை மறைந்தது. எனவே, கப்பலில் தற்செயலாக நேர்ந்ததைக் கரையிலேயே செய்யலானார்கள். ஜூன் மாதத்தில், பக்கச் சுவர்கள் திறந்த கிடங்குகளின் தரையில் கொட்டையை நாலைந்து அங்குலக் கனத்துக்குப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, ஈரம் ஏறியபின் கோணிகளில் தளர்வாகக் கட்டி, காற்று நுழைய இடைவெளி விட்டு அடுக்கி, அவ்வப்போது மூட்டையை அவிழ்த்து மீண்டும் கட்டி, செப்டம்பர் வரையில் காத்திருந்தால், கொட்டை ஏறக்குறைய இருமடங்கு பருத்து, வைக்கோல் நிறம் பெற்றுவிடும். ‘மான்சூண்டு மலபார்’ என்ற பெயரில் அது இன்றைக்கும் ஏற்றுமதியாகிறது.

பிற்காலத்து மாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1907-ல் மதராஸ் திசையிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. 1974-ல் பணம்பூரில், அலைதடுப்புச் சுவர்களுடன், எந்தப் பருவத்திலும் கப்பல்கள் நுழையத்தக்க புதிய மங்களூர்த் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-ல் ஹாசனிலிருந்து மலையைக் குடைந்து இறங்கும் ரயில் பாதையும் திறக்கப்பட்டது.

ஆயினும் மழையின் அதிகாரம் முற்றும் நீங்கிவிட்டதாக எண்ணுவதற்கில்லை. மண் சரிந்தால், சக்லேஷ்பூரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஷிராடி மலைப்பாதை இப்பொழுதும் அடைபடுகிறது. இயந்திரப் படகுகள் ஆடிக் கடலுக்கும் அஞ்சாத வலிமை பெற்றுவிட்டபின், மீன் இனம் பெருகுவதற்காக ஜூன், ஜூலை மாதங்களில் 61 நாட்கள் அவை கடலுக்குப் போகலாகாதென்று அரசாங்கமே தடை விதித்திருக்கிறது. முன்னோர் பயத்தினால் அனுஷ்டித்த ஓய்வை, பயம் தெளிந்த சந்ததியார் சட்டத்தினால் அனுஷ்டிக்க வேண்டியிருக்கிறது. பழைய வழக்கத்தில் கடலுக்கும் ஒரு நன்மை இருந்தது என்பது அது குலைந்த பிறகே நமக்கு விளங்கிற்று.