மண்கரையின் நாடி

அடைமழை நாட்களில், புதிதாகக் கட்டிய மண்கரையின் மேல் நமது வண்டி ஊர்ந்து செல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஊருக்குப் போகும் ஆவலில் குழந்தைகள் காரணம் கேட்பர். ஓட்டுநர் கையில் உள்ள 'காஷன் ஆர்டர்' என்னும் எச்சரிக்கைச் சீட்டே காரணம். அத்தகைய சீட்டுகளின் கணக்கை எழுதிப் பல ஆண்டுகள் கழித்தவன் நான். கண்ணுக்கு உறுதியாய்த் தோன்றும் மண், நீர் புகுந்ததும் வலிமை இழப்பது ஏன் என்ற ஐயம் என்னை நெடுநாள் விடவில்லை. அந்த ஐயத்திற்கு விடை கண்ட வரலாற்றை நம் சங்க மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

விடை கண்டவர் கார்ல் டெர்சாகி. 1883-ஆம் ஆண்டு பிராக் நகரில் பிறந்த இப்பொறியாளர், இஸ்தான்புல்லில் ஆசிரியராய் இருந்தபோது, எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணை ஆராய்ந்தார். 1925-இல் வியன்னாவில் வெளியான அவரது நூலோடு மண் இயக்கவியல் என்னும் தனித்துறை பிறந்தது. அவர் கண்ட உண்மை இதுதான்: மண்ணின் மேல் ஏறும் பாரத்தை மண் துகள்களும் அவற்றின் இடையிலுள்ள நீரும் பங்கிட்டுச் சுமக்கின்றன. துகள்கள் சுமக்கும் பங்கே மண்ணுக்கு உறுதி தருகிறது; நீர் சுமக்கும் பங்கு உறுதி தருவதில்லை.

ஒரு சிறு கணக்கால் இதை விளக்கலாம். 10 மீட்டர் உயர மண், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 டன் பாரம் தரும். உள்ளே நீரின் அழுத்தம் 10 டன் என்றால், துகள்கள் தாங்குவது 10 டன். நீரின் அழுத்தம் 18 டன்னாக உயர்ந்துவிட்டால், துகள்களுக்கு எஞ்சுவது 2 டன்னே. அப்போது கரை சரியக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கோ யாதொரு மாற்றமும் தெரியாது!

இவ்வறிவு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் நிகழ்ந்த துயரம் ஒரு சான்று. அங்கே கட்டப்பட்டுவந்த போர்ட் பெக் மண் அணையின் ஒரு பகுதி 1938 செப்டம்பர் 22 அன்று சில நிமிடங்களில் சரிந்தது. 8 தொழிலாளர் மாண்டனர். அடிப்பாறையின் நலிவே காரணம் என்றனர் சிலர். நீர் நிறைந்த மணல் குழம்பாகி ஓடியதே காரணம் என்றனர் வேறு சிலர்.

ஆகவே மண்ணின் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி தேவைப்பட்டது. அதற்குப் 'பீசோமீட்டர்' என்று பெயர். 1940-களில் பாஸ்டன் விமான நிலையப் பணியில், ஆர்தர் காசகிராண்டே நுண்துளைகள் உள்ள முனையைக் களிமண்ணில் புதைத்து, அதனோடு இணைந்த குழாயில் நீர் ஏறும் உயரத்தைக் கொண்டு அழுத்தத்தை அறிந்தார். 1950-களின் முற்பகுதியில் வேல்ஸ் நாட்டில் அஸ்க் அணை எழுந்தபோது, கரையினுள் வைத்த கருவிகள் அழுத்தம் மிகுவதைக் காட்டின. பொறியாளர்கள் நீர் வடியும் படுகைகளை இடையிடையே அமைத்தனர். அழுத்தம் தணிந்தது, அணையும் நிறைவெய்தியது. விபத்து நேருமுன்னரே கருவி எச்சரித்தது, மனிதரும் செவிசாய்த்தனர்.

இக்கருவியைப் பதிப்பது பொறுமை வேண்டும் வேலை. இறுக்கிய மண்ணில் சிறு குழி வெட்டுவர். காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாதபடி முனையை நீரில் ஊறவைத்து அதில் அமர்த்துவர். கரை தாழும்போது அறுந்துவிடாதவாறு குழாயையோ கம்பிவடத்தையோ நெளிவு விட்டுப் பள்ளத்தில் கிடத்துவர். அப்பள்ளமே நீருக்கு வழியாகிவிடாமல், பென்டோனைட் களிமண்ணால் ஆங்காங்கே தடுப்பு இடுவர். பிறகு மண்ணைக் கையாலேயே இடித்து இறுக்குவர். போதிய மண் மூடும்வரை கனத்த உருளைகள் அருகே வருவதில்லை. முதல் அளவைக் குறித்துக்கொள்ளாமல் மூடிவிட்டால், பின்னர் வரும் அளவுகளை ஒப்பிட வழியில்லை.

பிற்காலத்தில் அதிரும் கம்பி கொண்ட கருவி பரவியது. நீரின் அழுத்தம் மெல்லிய தகட்டை அமுக்க, அதன் பின்னுள்ள கம்பியின் முறுக்கு தளர்ந்து அதிர்வு குறைகிறது. தம்புராவின் தந்தி தளர்ந்தால் சுருதி இறங்குவது போன்றதே இது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் வரும் ஒவ்வோர் அணையிலும் குறைந்த அளவு கண்காணிப்புக் கருவிகள் இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது.

எனினும் கருவி அளவைக் காட்டுமேயன்றி, காவல் செய்யாது. கொட்டும் மழையில் சென்று அளவு பார்ப்பவர் ஒரு மனிதர். பதிவேட்டில் எழுதுபவர் ஒரு மனிதர். நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிவிட்டால், அணை வாய்திறந்து மறுக்காது. கணக்குப் புத்தகத்தோடு வாழும் என்னைப் போன்றவர்க்கு இவ்வரலாறு தரும் பாடம் அதுவே. நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணின் கீழும் யாரோ ஒரு குடும்பம் நிம்மதியாய் உறங்குகிறது. அதை மறவாதிருப்போமாக.