தேடலில் பதியாத கேள்வி



2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. அந்நாள்களில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதரஸா வாசலில் பெற்றோர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், இந்த ஊசியைப் போடலாமா?" வாட்ஸ்அப் வதந்திகளால் பலர் தயங்கினர். மாதக் கடைசியில் முடியவேண்டிய முகாமை அரசு மார்ச் மாதத்திற்கும் நீட்டித்தது.

இத்தயக்கத்தை முன்கூட்டியே அறிய முடியுமா? மருத்துவப் பதிவுகளையும் இணையத்தில் மக்கள் தேடும் சொற்களையும் சேர்த்து, எத்தனை பேர் தடுப்பூசி ஏற்பார்கள் எனக் கணிக்க இன்று ஆய்வாளர்கள் முயல்கின்றனர். இதற்கொரு முன்வரலாறு உண்டு. தேடற்சொற்களைக் கொண்டு ஃப்ளூ காய்ச்சலின் பரவலைக் கணிக்கும் முயற்சியைக் கூகுள் நிறுவனம் 2008இல் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அக்கணிப்பு, மருத்துவர்களிடம் பதிவான அளவைவிட ஏறத்தாழ இருமடங்காகிப் பிழைத்தது. 2015இல் அது நிறுத்தப்பட்டது. நோயுற்றுத் தேடியவரையும், செய்தி கேட்டு அஞ்சித் தேடியவரையும் தேடற்சொல் பிரித்துக் காட்டாது.

நம் நாட்டில் போலியோவை ஒழித்த வரலாறு வேறொரு பாடம் தருகிறது. சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் மஹல்லாக்களில் பரவியிருந்தது. ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். குழந்தை விடுபட்ட வீட்டுச் சுவரில் 'எக்ஸ்' என்று சாக்கட்டியால் குறித்தனர். அடுத்துச் செல்லவேண்டிய வீட்டை அக்குறியே காட்டியது. அவர்களுடன் ஆலிம்களும் சென்று பேசினர். பள்ளிவாசல்களிலிருந்து அறிவிப்புகள் ஒலித்தன. மறுத்த கதவுகள் மெல்லத் திறந்தன. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் எக்குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27இல் உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டியதும் உண்டு. 2017இல் அப்பெற்றோரிடம், "விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறி அனுப்பினோம். தீர விசாரிக்குமாறு திருமறை (49:6) பணிப்பது உண்மைதான். ஆனால், மருத்துவரிடம் கேட்டு நாம் விடை சொல்லச் சில நாள்கள் கழிந்தன. அதற்குள் வதந்தி பல வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. கர்ப்பிணியை ரூபெல்லா தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குச் செவியோ கண்ணோ இதயமோ பழுதுபடலாம் என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மதரஸா வாசலில் கேட்கப்பட்ட கேள்வி எந்தத் தேடற்பெட்டியிலும் பதிவாகவில்லை. அது நம்மிடம் வந்த அமானிதம். அடுத்த முகாம் வருமுன்னரே மருத்துவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து, ஐயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.