ஜவாஜாவின் தோற்பை: ஒரு கூட்டுவினையின் வரலாறு

இந்திய வடிவமைப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1958இல் தொடங்குவர். அவ்வாண்டில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்த அறிக்கை மிகவும் வியந்து பேசிய பொருள் லோட்டா. இடுப்பில் வைத்தால் எப்படிப் பொருந்தும், நீரை ஊற்றும்போது எப்படிச் சாயும், நிறைந்தபோதும் வெறுமையாய் இருந்தபோதும் எடை எப்படி நிற்கும் என்றெல்லாம் அவர்கள் கேட்டுச் சென்றனர். தலைமுறைகள் பல சேர்ந்து வடித்த அச்செம்பிற்குத் தனியொரு வடிவமைப்பாளர் இல்லை என்பதே அவர்களுடைய வியப்பின் மையம்.

பெயரற்ற தலைமுறைகளை வியப்பது எளிது. பெயருடைய வடிவமைப்பாளர் ஒருவரும் உயிரோடிருக்கும் கைவினைஞர் ஒருவரும் ஒரே தோல் துண்டின் முன் அமரும்போது எழும் கேள்விகள் அத்தனை எளியவை அல்ல. பொருள் யாருடையது? விலையை யார் சொல்வது? வடிவமைப்பாளர் ஊருக்குத் திரும்பிய பின் அப்பொருளின் கதி என்ன? இக்கேள்விகளுக்கு ஏட்டில் அல்லாமல் தோலில் விடை தேடிய முயற்சி ஒன்று 1975இல் இராஜஸ்தானத்தில் தொடங்கியது.

அன்றைய அஜ்மீர் மாவட்டத்தில், பியாவர் நகரை ஒட்டி அமைந்த ஊராட்சி வட்டாரம் ஜவாஜா. சுமார் 200 சிற்றூர்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 80,000. வறட்சி அங்கே விருந்தாளி அன்று, வீட்டு உறுப்பினர். அரசின் பார்வையில் அது வளமற்ற பகுதி. அங்கு வந்தவர் ரவி ஜான் மத்தாய். அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் முழுநேர இயக்குநராக 1965 முதல் 1972 வரை பணியாற்றியவர். பதவியைத் தாமே விட்டிறங்கி, அதே நிறுவனத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தவர். (நம் கல்வி நிறுவனங்களில் நாற்காலியிலிருந்து இறங்கியவர்கள் அதே வளாகத்தில் பாடம் நடத்திய நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை.) பெருநிறுவனங்களுக்குப் பயன்படும் மேலாண்மை அறிவு, ஏதுமற்ற ஊரில் ஏதேனும் செய்யுமா என்பது அவருடைய கேள்வி. 1975இல் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற அசோக் சாட்டர்ஜி தம் நிறுவனத்தாரோடு இம்முயற்சியில் இணைந்தார். மத்தாய் இதனைக் 'கிராமியப் பல்கலைக்கழகம்' என்றே அழைத்தார். கட்டடமும் பட்டமும் இல்லாத பல்கலைக்கழகம் அது. கற்றல் இருபுறமும் நிகழவேண்டும் என்பதே அப்பெயரின் பொருள்.

வளமற்றது எனப்பட்ட ஊரில் இரண்டு வளங்கள் கண்ணெதிரே இருந்தன: நெசவு, தோல். தோல்வேலை ரைகர் சமூகத்தாருடையது. இறந்த கால்நடையின் தோலைப் பதனிடுவதும், அதிலிருந்து காலணியும் கிணற்றில் நீரிறைக்கும் 'சரஸ்' என்னும் தோற்சாலும் செய்வதும் அவர்களுடைய வழிவழித் தொழில். தமிழகத்துக் கமலை இறைப்பை அறிந்தவர்களுக்குச் சரஸைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மாடு இழுக்க, கிணற்றிலிருந்து நீரை முகந்து மேலேறும் பெரிய தோற்கலம் அது. வட இந்திய ஊர்ப்புறப் பதனிடு முறையிலும் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. மயிர் நீக்கிய தோலின் ஓரங்களைத் தைத்து, அதனையே ஒரு பையாக்கி, அதற்குள் கருவேலம்பட்டைச் சாற்றை நிரப்பித் தொங்கவிடுவர். சாறு தோலுக்குள் ஊறி மெல்லக் கசியும். (தென்னகத்தில் அவ்விடத்தில் ஆவாரம்பட்டை நின்றது, சென்னை வழியே ஏற்றுமதியான தோலின் புகழ் அப்பட்டைக்கும் உரியது.) அதாவது நகரத்து வடிவமைப்பாளர் 'பை' என்ற சொல்லோடு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அத்தோல், பதப்படும் நிலையிலேயே பையாகத்தான் இருந்தது.

டீசல் எஞ்சின் கிணற்றுமேட்டுக்கு ஏறியதும் சரஸ் இறங்கியது. காலணிச் சந்தையை இரப்பரும் நெகிழியும் கைப்பற்றின. எஞ்சியது உள்ளூர் வணிகரிடமும் கடன் கொடுப்பவரிடமும் கட்டுண்ட வேலை. தோலைத் தொடுபவரின் தீட்டு, தோலை விற்பவரின் பணப்பையை மட்டும் அண்டவில்லை.

இந்நிலையில் 'எதைச் செய்வது' என்னும் கேள்வி அழகியலைச் சார்ந்ததாக மட்டும் இருக்க இயலாது. உள்ளூரில் விற்கும் பொருளைச் செய்தால் விலையை உள்ளூர் ஆதிக்கமே தீர்மானிக்கும். ஆகவே பொருள், அந்த ஆதிக்கத்தின் கை எட்டாத தொலைவில் விற்கக் கூடியதாய் இருக்கவேண்டும். எந்திரம் தேவைப்பட்டால் முதல் தேவைப்படும். முதல் தேவைப்பட்டால் மீண்டும் அதே வாசலில் நிற்க நேரும். ஆகவே கையும் சில எளிய கருவிகளும் போதுமான பொருளாய் இருக்கவேண்டும். இக்கட்டுப்பாடுகளின் நடுவே உருவானதே ஜவாஜாவின் தோற்பை. தடித்த, பட்டையில் பதனிட்ட தோல். அதன் இயல்பான பழுப்பு நிறம். விளிம்பில் வரிசையாய்த் துளைகள். அத்துளைகளின் வழியே நூலுக்குப் பதில் தோல்வாரே ஏறி இறங்கிப் பையைப் பிணைக்கும். உள்துணி இல்லை, பளபளக்கும் உலோகப் பூட்டு இல்லை. அழகுக்குப் பூணும் எளிமை என்று இதனைக் காட்சிக்கூடங்களில் விளக்குவோர் உண்டு. அவ்விளக்கம் பாதி உண்மை. தையல் எந்திரமும் வெளியூரிலிருந்து வரும் கொக்கியும் இல்லாத பை, எந்திரம் வைத்திருப்பவரையும் கொக்கி விற்பவரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாத பை. அந்த வடிவத்தின் ஒவ்வொரு இல்லாமையிலும் ஒரு கடன் தவிர்க்கப்பட்டிருக்கிறது.

நெசவுப் பக்கத்தில் இதே பணியைச் செய்தவர் பின்லாந்திலிருந்து வந்து அகமதாபாத்தில் பல்லாண்டு கற்பித்த ஹெலேனா பெர்ஹீன்துபா. ஜவாஜாவின் தரைவிரிப்புகள் அக்கூட்டுழைப்பில் பிறந்தவை. அவற்றின் வரலாறு தனியே எழுதத் தக்கது.

இங்கே ஓர் எதிர்க்கேள்வியைத் தாண்டிச் செல்ல இயலாது. தோலில் மக்களை மீண்டும் அமர்த்துவது விடுதலையா, சாதித்தொழிலின் புதுப்பிப்பா? 1927 மகாட் மாநாட்டின் காலந்தொட்டு அம்பேத்கர் காட்டிய வழி வேறு. இறந்த மாட்டை அகற்றுவது முதலான இழிவேற்றப்பட்ட ஊர்வேலைகளைக் கைவிடுவதே தன்மதிப்பின் முதற்படி என்றது அவ்வழி. சாதி உழைப்பைப் பிரிக்கவில்லை, உழைப்பவரையே பிரித்து அடுக்குகிறது என்பது 1936இல் அவர் முன்வைத்த வாதம். காந்தி இதற்கு எதிர்த்திசையில் சென்றார்; தொழிலைத் தூய்மைப்படுத்தி மதிப்பேற்றினால் தொழில் செய்பவரின் மதிப்பும் உயரும் என நம்பி, வார்தாவை அடுத்த நால்வாடியில் தோல் பதனிடும் கூடம் நடைபெற ஊக்கமளித்தார். ஜவாஜா மேலோட்டமாய்ப் பார்த்தால் காந்தியின் வரிசையில் நிற்கிறது. ஆயினும் அங்கு வற்புறுத்தப்பட்டது தொழிலின் புனிதம் அன்று, பேரம் பேசும் ஆற்றல். ரைகர் ஒருவர் வங்கியில் கடன் கேட்கவும், நகரத்துக் கடைக்காரரிடம் விலை சொல்லவும், மறுக்கவும் கற்பதே பாடத்திட்டம். பை அதற்கான பயிற்சி ஏடு. இதனால் சாதி அழிந்ததா எனின், இல்லை. ஊரின் தீட்டு நகரத்துத் தோளில் தொங்கும் பையைத் தொடர்ந்து செல்வதில்லை. அது செய்தவரின் வாசலிலேயே தங்கிவிடுகிறது. அம்பேத்கரின் கேள்வி ஜவாஜாவில் முழு விடை பெறவில்லை என்று எழுதுவதே நேர்மையான வரலாறு.

கூட்டுழைப்பு குறித்த நம் சொல்லாடலையும் சற்றுக் கவனிக்கவேண்டும். 'வடிவமைப்பாளர்கள் கைவினைஞர்களுக்குப் புதிய பையை உருவாக்கிக் கொடுத்தனர்' என்பது இத்துறையில் அடிக்கடி காணும் வாக்கிய வகை. 'கு' என்பது நான்காம் வேற்றுமை. நன்னூல் அதற்குரைக்கும் பொருள்களில் முதலில் நிற்பது கொடை. அடுத்து நிற்பது பகை. 'கொடு' என்னும் துணைவினையோ ஒருவரை ஈபவராகவும் மற்றவரை ஏற்பவராகவும் நிறுத்திவிடுகிறது. 'கைவினைஞர்களால் செய்யப்பட்டது' என்று மாற்றினாலும் தீர்வில்லை. மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' கருத்தாவையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். உளியால் செதுக்கினான் என்பதிலும் தச்சனால் செய்யப்பட்டது என்பதிலும் உருபு ஒன்றே. திட்ட அறிக்கைகளின் நடையில் கைவினைஞர் கருத்தாவாக நிற்கிறாரா, கருவியாக நிற்கிறாரா என்பதை உருபு சொல்லாது; ஊதியப் பட்டியல்தான் சொல்லும். அதே மூன்றாம் வேற்றுமையில் 'ஓடு' என்னும் உருபும் உண்டு. உடனிகழ்ச்சி அதன் பொருள். ஜவாஜாவை 'ஓடு' உருபில் எழுதலாமா என்பதை முடிவு செய்ய, வந்தவர்கள் எப்படி விலகினர் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

விலகுதல் தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் பகுதி. வெளியாட்கள் தேவையற்றுப் போவதே வெற்றியின் அளவுகோல் என மத்தாய் கருதினார். நெசவாளரும் தோல் கைவினைஞரும் ஒரே அமைப்பில் சேர்ந்த 'ஜவாஜா கைவினைஞர் கூட்டணி' அவ்வாறு உருவானது. பதிவு, கணக்கு, கொள்முதல், தரம், விற்பனை எல்லாம் அவர்கள் பொறுப்பாயின. இதில் காதல் கதை ஏதுமில்லை. எழுத்தறிவு குறைந்த நிலையில் கணக்கேடு ஒரு சுவர். வங்கி வாசல் இன்னொரு சுவர். நகரம் கேட்கும் அளவில், கேட்கும் நாளில், ஒரே தடிப்பில் தோல் கிடைப்பது மூன்றாவது. வல்லுநரே போய்ப் பேசிவிட்டால் வேலை ஒரு நாளில் முடியும். கைவினைஞர் பேசக் காத்திருந்தால் மாதங்கள் ஆகும். மாதங்களைத் தேர்ந்ததே இம்முயற்சியின் தனித்தன்மை. நிதியாண்டு மார்ச்சில் முடியும் இன்றைய திட்டங்களுக்கு இந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. இருவாரப் பயிலரங்கம், ஒரு கண்காட்சி, ஒரு மலர் வெளியீடு, அடுத்த மாவட்டம் என்று நகரும் இன்றைய 'வடிவமைப்புத் தலையீடு'களை ஜவாஜாவோடு ஒப்பிட்டு ஆராய விரும்பும் மாணவர்க்கு அங்கே களம் திறந்தே கிடக்கிறது.

மத்தாய் 1984இல் மறைந்தார். ஜவாஜா முயற்சியைக் கல்விச் சோதனையாக விளக்கும் அவருடைய நூல் 1985இல் வெளிவந்தது. அசோக் சாட்டர்ஜி பின்னாளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கைவினை மன்றத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். ஜவாஜாவின் வெற்றிகளோடு அதன் தடுமாற்றங்களையும் எழுதிவந்தார். வந்தவர்கள் விலகிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் கூட்டணி தொடர்ந்தது. எழுபதுகளில் அமைந்த அதே முறையில், துளைகளின் வழியே தோல்வார் ஏற்றிய பைகளை அடுத்த தலைமுறையினர் செய்து, தில்லி முதலான நகரங்களுக்குத் தாமே கொண்டுசென்று விற்றனர்.