அலோர் காஜாவில் முற்போக்கு வேட்பாளர் வெல்ல இயலுமா?



தேர்தல் வந்துவிட்டால் ஆசிரியர்களுக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேரும். வாக்களிப்பு நிலையப் பணி. எந்தப் பள்ளியில் நாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறோமோ, அதே பள்ளியின் வகுப்பறையில் மை புட்டியோடு உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு தேர்தலில், தோட்டத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் வாக்குச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "வாத்தியாரே, தராசு எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். தராசு தேசிய முன்னணியின் சின்னம். அதிகாரி பதில் சொல்லக்கூடாது; நானும் சொல்லவில்லை. ஆனால் வேட்பாளர் யார் என்று அவர் கேட்கவே இல்லையே என்ற நினைப்பு மட்டும் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

சம்பளம், வீடு, நிலம், தொழிலாளர் உரிமை ஆகியவற்றை இனத்துக்கு முன்னால் வைத்துப் பேசும் வேட்பாளரையே இங்கு முற்போக்கு வேட்பாளர் என்கிறேன். அத்தகைய ஒருவர் மலாக்கா போன்ற ஒரு மரபுவழி மாநிலத்தில், அதிலும் அலோர் காஜா வட்டாரத்தில், வெல்ல இயலுமா? 1957ஆம் ஆண்டு விடுதலை தொடங்கி 2018 வரை 61 ஆண்டுகள் கூட்டணிக் கட்சியும் அதன் வாரிசான தேசிய முன்னணியும் தவிர வேறெவரும் ஆளாத மாநிலம் இது.

அதற்காக இவ்வூரார் எதிர்ப்பே அறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டா. ஆங்கிலேயர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டபோது, நானிங் மக்கள் டோல் சாயிட் தலைமையில் 1831இலும் 1832இலும் போரிட்டார்கள். ஆங்கிலேயரின் முதற் படையெடுப்பு தோற்றுத் திரும்பியது. அப்போரில் மாண்ட ஆங்கிலப் படையினரின் கல்லறைகள் அலோர் காஜா நகரின் நடுவிலேயே உள்ளன. நம் பிள்ளைகள் தினமும் கடந்து போகிறார்கள். டோல் சாயிட் 1834இல் சரணடைந்தார். அவருக்கு வீடும் ஓய்வூதியமும் கொடுத்து மலாக்காவில் குடியமர்த்தினார்கள். எதிர்ப்பாளரைச் சிறையில் அடைப்பதைவிட ஓய்வூதியம் கொடுத்து உட்கார வைப்பது மலிவு என்று அன்றே கண்டுகொண்டார்கள் போலும்!

நம் தோட்டப்புற மக்களின் கதை வேறு. அவர்களுக்கு இடதுசாரி அரசியல் அந்நியமானதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மலாயாத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்வரிசையில் தமிழர்கள் நின்றார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சம்மேளனமும் தடை செய்யப்பட்டது. 1949 மே 3ஆம் நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், மே 4, கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இந்த இரண்டு நாள்களும் தோட்டத்து மனத்தில் விட்டுச் சென்ற அச்சத்தை எந்தத் தேர்தல் கணக்கும் காட்டாது. 'சங்கம்', 'சிவப்பு' என்றாலே வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் அங்கிருந்து வந்தது. அடுத்த தலைமுறை அந்தப் பழக்கத்தைக் காரணம் தெரியாமலேயே பெற்றுக்கொண்டது.

அச்சம் மட்டுமா? தோட்டத்தில் வீடு நிர்வாகத்தினுடையது. தண்ணீர், மருந்து, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கும்பிடும் கோயில் எல்லாமே நிர்வாகத்தின் நிலத்தில். வேலை போனால் வீடும் போகும். கிராணியும் மண்டோரும் ம.இ.கா. கிளையில் பொறுப்பு வகித்த தோட்டங்கள் ஏராளம். வெளியிலிருந்து வரும் வேட்பாளர் உள்ளே நுழையவே தோட்ட வாயிலில் அனுமதி கேட்க வேண்டும். ஆகவே 'தோட்டத்து மக்கள் மரபுவாதிகள்' என்று எளிதாகச் சொல்லிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மரபில் பற்றுக் கொண்டு தராசுக்குப் போட்டவர்களைவிட, கூரையை எண்ணிப் போட்டவர்களே மிகுதி என்பது என் கணிப்பு.

1959ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் சோசலிச முன்னணி 8 இடங்களை வென்றது. பங்சாரில் தொழிற்சங்கவாதி வி. டேவிட், டாமன்சாராவில் கரம் சிங். மலாக்காவிலோ அம்முன்னணிக்கு ஓரிடமும் இல்லை. பண்டார் மலாக்காவில் எதிர்க்கட்சி வென்றது உண்மை. ஆனால் அது மலாயன் கட்சியின் டான் கீ காக் பெற்ற வெற்றி.

ஆனால் வாக்குப் பெட்டியில் காணாதது சாலையில் காணப்பட்டது. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கி, கோலாலம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். பால்மரம் சீவியவர்கள், பெண்களும் சேர்ந்து, மலாக்காவிலிருந்து தலைநகர்வரை! இன்று அலோர் காஜா நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கியுள்ள அசகானிலிருந்து கிளம்பிய நடை அது. தொழிலாளர் கட்சி 1969 தேர்தலைப் புறக்கணித்தது. 1972இல் அதன் பதிவே நீக்கப்பட்டது. நடந்தவர்களுக்கு வாக்களிக்க ஒரு சின்னம் மிஞ்சவில்லை.

இனி, வெற்றி எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். இதற்கு நம் மாநில எல்லையைச் சற்றுத் தாண்டிப் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டுக்குப் போக வேண்டியுள்ளது. அவசரகாலத்துக்குக் காரணமான கொலைகள், 1948 ஜூன் 16இல், நிகழ்ந்த வட்டாரம் அது. இடதுசாரி என்ற சொல்லுக்கு அங்கிருந்த அச்சம் இங்கிருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். 1974 முதல் அத்தொகுதி ச. சாமிவேலுவின் கோட்டை. அவரை எதிர்த்து மலேசிய சோசலிசக் கட்சியின் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் 1999இல் நின்றார், தோற்றார். 2004இல் நின்றார், மீண்டும் தோற்றார். 2008 மார்ச் 8ஆம் நாள் 1,821 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார்.

இந்த வெற்றியை 'தொண்டு வென்றது' என்று சொல்லிக் கைதட்டுவது நம் வழக்கம். தொண்டு இருந்தது, ஐயமில்லை. தோட்டத் தொழிலாளர்களுடன் அவர் பல ஆண்டுகள் உழைத்தவர். ஆனால் அதே தொண்டுடன்தானே 1999இலும் 2004இலும் தோற்றார்? 2008இல் வேறொன்று நடந்திருந்தது. 2007 நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராப் பேரணிக்குப் பின் இந்திய வாக்குகள் தேசிய முன்னணியிடமிருந்து பெருமளவில் விலகின. மலாய், சீன வாக்குகளும் அசைந்தன. காற்று அடித்தபோது அவர் பாய் விரித்து ஆயத்தமாக இருந்தார். இன்னொரு செய்தி: அவர் நின்றது சோசலிசக் கட்சியின் சின்னத்தில் அன்று, மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில்! 2013இலும் அவ்வாறே வென்றார். 2018இல் முதன்முறையாகத் தம் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றார். மக்கள் நீதிக் கட்சியும் தன் வேட்பாளரை நிறுத்தியது. பத்தாண்டு உறுப்பினராக இருந்தவர் வைப்புத் தொகையை இழந்தார். அந்த முடிவைப் படித்த இரவு எனக்கு நம் மூதாட்டியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. சின்னம் மாறியிருந்தது, கேள்வி மாறவில்லை.

சுங்கை சிப்புட்டில் அவர் தோற்ற அதே 2018 மே 9இல், நம் காடெக் மாறியது. ம.இ.கா. வசமிருந்த காடெக் சட்டமன்றத் தொகுதியை ஜனநாயக செயல் கட்சியின் ஜி. சாமிநாதன் கைப்பற்றினார். இந்தியர் வாக்கை மட்டும் கொண்டு வெல்லக்கூடிய தொகுதியன்று அது. அவரும் கட்சியின் ராக்கெட் சின்னத்தில் நிற்கவில்லை; நம்பிக்கைக் கூட்டணி முழுவதும் அம்முறை மக்கள் நீதிக் கட்சிச் சின்னத்தையே பயன்படுத்தியது. மாநிலத்தின் 28 இடங்களில் 15 அக்கூட்டணிக்கு, 13 தேசிய முன்னணிக்கு. மலாக்காவில் முதன்முறையாக ஆட்சி கைமாறியது. அம்னோவிலிருந்து பிரிந்தவர்கள் பெர்சாத்து கட்சியாக எதிர்ப்பக்கம் வந்து நின்றதையும் பாஸ் கட்சி தனியே களமிறங்கியதையும் ஒதுக்கிவிட்டு இவ்வெற்றியை விளக்க முடியாது.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பெயரில் சொஸ்மா சட்டத்தின்கீழ் 12 பேர் கைதாயினர். அவர்களுள் காடெக் உறுப்பினர் சாமிநாதனும் ஒருவர். கைது நடந்தது அவருடைய சொந்தக் கூட்டணி கோலாலம்பூரில் ஆண்டபோதே! 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அடுத்த மாதமே, நால்வர் அணி மாறியதால் மலாக்காவில் அக்கூட்டணியின் ஆட்சி கவிழ்ந்தது. 2021 அக்டோபரில் நால்வர் ஆதரவை விலக்க, சட்டமன்றம் கலைந்தது.

அந்த நவம்பர் தேர்தலில் தேசிய முன்னணி 28இல் 21 இடங்களை வென்றது. காடெக் ம.இ.கா.விடம் திரும்பியது. மாநிலமே மனம் மாறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. வாக்குகளை எண்ணிப் பாருங்கள்: தேசிய முன்னணிக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 38 விழுக்காடு, நம்பிக்கைக் கூட்டணிக்கு 36, பெரிக்காத்தான் நேசனலுக்கு 24. பத்தில் நால்வருக்கும் குறைவானோர் வாக்களிக்க, நான்கில் மூன்று பங்கு இடங்கள்! 2018இல் எதிரணிக்குக் கைகொடுத்த பிளவு, 2021இல் தேசிய முன்னணிக்குக் கைகொடுத்தது. பெருந்தொற்றுக் காலம் வேறு. பொதுக்கூட்டங்களுக்குத் தடை. 2018இல் 80 விழுக்காட்டைத் தாண்டிய வாக்குப்பதிவு, ஏறத்தாழ 66ஆக இறங்கியது.

இதில் நம்பிக்கைக் கூட்டணி தன் கையாலேயே செய்துகொண்ட கேடும் உண்டு. ஆதரவை விலக்கிய நால்வருள் ஒருவரான இட்ரிஸ் ஹாருண், 2018 வரை தேசிய முன்னணியின் முதலமைச்சராக இருந்தவர். அவரையே அக்கூட்டணி தன் வேட்பாளராக நிறுத்தியது. எங்கே தெரியுமா? அசகானில்! தொழிலாளர்கள் நடைப்பயணம் புறப்பட்ட அந்த அசகானில், மாற்றம் கேட்டவர்களுக்குக் கிடைத்த வேட்பாளர் அவர். தோற்றார். வாக்காளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே, வெல்ல இயலுமா என்று கேட்டால், இயலும் என்றே சொல்வேன். ஆளுங்கட்சியின் வீட்டுக்குள் சண்டை மூளும் ஆண்டில், பெரிய கூட்டணியின் சின்னத்தில் நின்றால் இயலும். 2022 நவம்பர் 19ஆம் நாள் அலோர் காஜா நாடாளுமன்றத் தொகுதியையே அமானா கட்சியின் அட்லி சஹாரி பலமுனைப் போட்டியில் வென்றார்; மாநிலத் தேர்தல் முடிந்து ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில். அந்த வேட்பாளர் வெற்றிக்குப் பின் எவ்வளவு முற்போக்காக இருக்க விடப்படுவார் என்பது வேறு கேள்வி. அந்தத் தேர்தல் முடிந்த சில நாள்களில், எதிரெதிரே நின்ற தராசும் நம்பிக்கையும் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்ததையும் பார்த்தோம்.

தோட்டங்களின் நிலையும் பழையபடி இல்லை. காடெக், ரெம்பியா, தெபோங் பக்கங்களில் நம்மவர் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். லயத்து வீட்டைப் பறிப்பதாக இனி எவரும் மிரட்ட முடியாது. அதே வேளையில், நூறு குடும்பங்களை ஒரே மாலையில் சந்திக்கக்கூடிய திடலும் இனி இல்லை.

வாக்களிப்பு நிலையத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். நம் நாட்டில் வாக்காளர்களை அகவைப்படி வரிசை பிரிப்பார்கள். முதல் சாலூரானில் மூத்தோர். கடைசிச் சாலூரானில் இளையோர். அதனால் வாக்குகளை எண்ணும்போது தலைமுறை வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 18 வயதினர் தாமாகவே வாக்காளராகும் முறை 2021 டிசம்பர் 15இல்தான் நடப்புக்கு வந்தது; மலாக்காத் தேர்தல் முடிந்து மூன்றரை வாரங்களுக்குப் பிறகு.

என் பழைய மாணவர்கள் பலர் இப்போது அந்தக் கடைசிச் சாலூரானுக்கு உரியவர்கள். பாதிப்பேர் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். தேர்தல் தேதி அறிவித்தால் சிலர் என்னை அழைப்பதுண்டு. தராசு எங்கே என்று அவர்கள் கேட்பதில்லை. "சார், சனிக்கிழமை ஷிப்டு இருக்கு, லீவு கொடுப்பாங்களான்னு தெரியல" என்கிறார்கள்.