ஈட்டி சாலையான கதை

இலண்டன் மாநகரில் 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுரங்க இரயில் நிலையம் ஒன்றின் பெயர் 'டர்ன்பைக் லேன்'. 'பைக்' என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருசக்கர வண்டிதான் நினைவுக்கு வரும். இதுவோ வேறு. காலாட்படையினர் ஏந்திய நீண்ட ஈட்டியே 'பைக்'. ஈட்டி முனைகள் பொருத்திய சுழல் தடையைப் பாதையின் குறுக்கே நிறுத்திக் குதிரைப்படையை மறித்தனர். பின்னர், சுங்கம் செலுத்தினாலன்றித் திறவாத சாலைக் கதவுக்கு அப்பெயர் ஏறியது. நாளடைவில் கதவின் பெயர் சாலைக்கே ஆயிற்று.

அதுவரை இங்கிலாந்தில் சாலை பேணுவது அந்தந்த ஊரார் கடமை. ஆண்டுக்கு ஆறு நாள் கூலியின்றி உழைக்க வேண்டும். தொலைதூர வண்டிகள் குலைத்த பாதையை ஊரார் ஏன் செப்பனிட வேண்டும்? நியாயமான இக்கேள்விக்கு விடையாகவே 1663இல் சுங்கச் சாலைக்கான முதற்சட்டம் பிறந்தது. 1830களில் இத்தகைய சாலைகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொறுப்பாட்சிக் குழுக்கள் நிருவகித்தன. சாலைகள் சீர்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வசூல் உரிமை ஏலத்திற்கு விடப்பட்டபோது, ஏலமெடுத்தவரின் கண் சாலையிலா இருக்கும்?

வேல்ஸ் நாட்டு உழவர்கள் புளித்த மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பை வண்டியில் ஏற்றி வருவர். வழியெங்கும் கதவுகள், கதவுதோறும் சுங்கம். பொறுமையிழந்தோர் 1839 மே மாதத்தில் எஃபைல்வென் என்னுமிடத்துக் கதவைத் தகர்த்தனர். ஆடவரே பெண்ணுடை தரித்து வந்தனர்; தலைவருக்கு 'ரெபெக்கா' என்று பெயர். இஸ்ஹாக் நபி (அலை) அவர்களின் துணைவியாராக பைபிள் கூறும் அம்மையாரின் பெயர் அது. அவருடைய சந்ததியார் பகைவரின் வாயில்களைக் கைக்கொள்வர் என்னும் ஆதியாகம வாழ்த்தை இவர்கள் சுங்க வாயிலுக்குப் பொருத்திக் கொண்டனர்!

கோபம் நியாயமானதே. எனினும் 1843 செப்டம்பரில் ஹெண்டி வாயிலைக் காத்திருந்த சாரா வில்லியம்ஸ் என்ற மூதாட்டி கலகத்தில் உயிரிழந்தார். சுங்கம் விதித்தவர் அவரல்லர். கூலிக்குக் கதவு திறந்தவர். அவ்விறப்பை நாம் எளிதில் கடந்துவிட முடியவில்லை. மறு ஆண்டே புதுச்சட்டம் சுண்ணாம்புச் சுங்கத்தைப் பாதியாக்கியது.

ஆங்கில்சி தீவில் கடைசிக் கதவு 1895இல் அகன்றது. அமெரிக்கரோ அச்சொல்லை விடவில்லை. 1951இல் திறக்கத் தொடங்கிய நியூ ஜெர்சிப் பெருஞ்சாலையும் 'டர்ன்பைக்'தான். பிரிட்டனில் 2003இல் கட்டணச் சாலையொன்று மீண்டும் வந்தபோது, அதற்கு வைத்த பெயர் 'எம்6 டோல்'.